மைனஸ் எழுபதுக்கு மாலை

சீதாலெட்சுமி பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ரொம்பச் சின்னது. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் மாதத்தில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் வகுப்பில், அவள் பக்கத்துப் பிள்ளையிடம் அழிரப்பர் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். மறுநாளே அந்த டீச்சருக்கு அம்பாங்குக்கு மாற்றல் வந்தது. திறக்கச் சொல்லாமலே போய்விட்டார். சீதாலெட்சுமி சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அதனால் காத்திருந்தாள்.

வீட்டுக்குள் அவள் வாய் ஓய்ந்ததே இல்லை. அவளுடைய அப்பா பக்கிரிசாமி ஐஸ் லோரியில் வேலை செய்தான். கட்டிகளைக் கொக்கியால் இழுத்து மீன் பாசாரில் இறக்குவது, மிச்சத்தைச் சாக்குப் போட்டு மூடுவது, இதுதான் அவனுக்குப் பதினாறு வருஷமாகத் தெரிந்த உலகம். அம்மா மாரியாயி சுங்கை வே பேக்டரி ஒன்றில் ஷிப்ட் வேலை. இருவரும் வீடு திரும்பியதும் அன்றைய கதை முழுவதையும் மகள் ஒப்பிப்பாள். வாசலைத் தாண்டினால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். காரணத்தை அவளே அப்பாவிடம் சொன்னாள். அவன் ஒருநாள் லீவு போட்டு அம்பாங் வரை போய்ப் பார்த்தான். டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். புது டீச்சர் "பேசும்மா" என்று எவ்வளவோ சொன்னார். வாயை மூடச் சொன்னவர் இவரில்லை என்பதால் சீதாலெட்சுமி மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

ஏப்ரலில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்கு மனநலச் சோதனை செய்து கடிதம் கொண்டுவந்தால்தான் மூன்றாம் வகுப்பில் சேர்க்க முடியும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடிதம் இல்லாத எதையும் நம்பமாட்டார், அவ்வளவுதான்.

கடிதம் கொடுக்கிற இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. சிறார் மனநல உயிர்மாதிரி ஆய்வுத் துணை மையம் என்று பெயர். மூன்று மொழியில் எழுதிய பலகை படிக்கட்டின் அகலத்தை அடைத்துக்கொண்டு நின்றதால், உள்ளே போகிறவர்கள் உடம்பைச் சாய்த்துத்தான் ஏறவேண்டும். வெளிநாட்டு உதவியும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் நன்கொடையும் சேர்ந்து நடத்திய மையம் அது. இயக்குநர் டாக்டர் சீவரத்தினம். அவரை நேரில் பார்ப்பது அரிது என்பதால் அவருடைய படம் நான்கு இடத்தில் மாட்டப்பட்டிருந்தது.

பக்கிரிசாமியை உட்காரச் சொன்னவர் குணபூசணி அம்மாள், மாதிரிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். ஒரு தூசு மேலே விழாத மனுஷி. அவன் டீச்சர் கதையை ஆரம்பித்தான். அவர் பேனாவைத் தூக்கி நிறுத்தினார்.

"காரணம் எழுத இதில கட்டம் இல்லை, மிஸ்டர் பக்கிரிசாமி. நீங்கள் சொல்லுறது தகப்பனுடைய அபிப்பிராயம். ரத்தத்துக்கு அபிப்பிராயம் கிடையாது."

பிறகு விதிமுறையை விளக்கினார். ரத்தம் முதலான மாதிரிகளைச் சோதித்துப் பிள்ளைக்கு ஒரு கிரேட் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம். மூன்று என்றால் மறுபடியும் மாதிரி. நான்கு என்றால் பந்திங்கில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மையத்தின் கண்காணிப்பு இல்லம் இருக்கிறது, அங்கே இரண்டு வருஷம். மாதம் ஒருமுறை பெற்றோர் போய்ப் பார்க்கலாம், ஜன்னல் வழியாக. பக்கிரிசாமி ஆங்கிலத்தில் இருந்த பதினான்கு பக்கத்தில் பதினான்கு கையெழுத்துப் போட்டான். டாக்டர் பிள்ளையை எப்போது பார்ப்பார் என்று கேட்டதற்கு, டாக்டர் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, பார்த்தால் அவர் மனது ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று பதில் வந்தது.

மையத்தின் நடு அறையில், வேறெங்கும் இல்லாத அளவுக்கு வெள்ளையடித்து, ஓர் ஆள் உயரப் பெட்டி நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே எழுபது பாகைக் குளிர் என்பதால் எல்லோரும் அதை மைனஸ் எழுபது என்றே அழைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்புப் போடக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. வாசலில் காவலாளி உண்டு. பிள்ளைகள் உட்காரும் கூடத்தில் காற்றாடி ஓடவில்லை. ஐஸ் என்றால் தனக்குத் தெரியாததா என்று நினைத்திருந்த பக்கிரிசாமிகூட அந்தப் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான்.

முதல் நாள் ரத்தம் எடுத்தார்கள். குணபூசணி அம்மாள் சின்னக் கண்ணாடிப் புட்டியை மூடி, பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டி, சீதாலெட்சுமியின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"பார்த்துக்கொள். எங்களுக்கு இனிமேல் இதுதான் நீ."

சீதாலெட்சுமி அந்தப் புட்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் புட்டியின் தலையில் ஒட்டினாள். குணபூசணி அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பொட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் அப்படியே உள்ளே வைத்துவிட்டார்.

அதன்பின் மாதாமாதம் ஒன்று கேட்டார்கள். முடி, நகம், எச்சில். ஜூலையில் பால்பல் வேண்டும் என்றார்கள். சீதாலெட்சுமிக்குப் பல் விழுந்ததும் மாரியாயி அதை வழக்கப்படி கூரைமேல் எறிந்துவிட்டிருந்தாள். பக்கிரிசாமி ஏணி போட்டு ஜிங்க் கூரையில் ஏறித் தேடினான். இரண்டு பல் கிடைத்தது. ஒன்று பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருக்கவேண்டும். எது எது என்று தெரியவில்லை என்று அவன் நேர்மையாகச் சொன்னான். இரண்டையும் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு ஒரே இடத்தில் இரண்டு பல் என்று பதிந்தார்கள்.

ஆகஸ்டில் கண்ணீர் கேட்டார்கள். சீதாலெட்சுமி அழுகிற ரகமில்லை. மாரியாயி வெங்காயம் கொண்டுபோனாள். வெங்காயக் கண்ணீர் மனநலத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோரைக் கூடத்தில் உட்காரவைத்து, பிள்ளையை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிஷம் சத்தமே இல்லை. கதவு திறந்தபோது குணபூசணி அம்மாளின் கையில் புட்டி நிறைந்திருந்தது. சீதாலெட்சுமி சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டு வந்தாள். உள்ளே என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. இனி அந்தப் படிக்கட்டில் ஏறக்கூடாது என்று பக்கிரிசாமி நினைத்தான். இருந்தும் கடிதம் அவர்கள் கையில் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் போயிற்று. கிள்ளானில் கோழி கெட்டது, மீன் கெட்டது, ஐஸ் பேக்டரியும் நின்றது. லோரியில் நாற்பது கட்டி மிச்சம் இருந்தது. பக்கிரிசாமிக்கு முதலில் நினைவுக்கு வந்தது பொட்டு வைத்த அந்தப் புட்டிதான். அதுதான் அவன் மகள் என்று சொல்லியிருந்தார்களே. பொதுத் தொலைபேசியில் காசு போட்டு மையத்தைக் கூப்பிட்டான். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கட்டிகளைச் சும்மாவே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். வெளிப்பொருளை உள்ளே எடுக்க மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார் குணபூசணி அம்மாள். சும்மா தருவதற்கு ஏது கொட்டேஷன் என்றான் அவன். அப்படியானால் சும்மா தருகிற மூன்று பேரிடமிருந்து வேண்டும் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

மையத்தில் ஜெனரேட்டர் இல்லாமல் இல்லை. அது கூட்ட அறையின் ஏர்கண்டிஷனுக்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் இல்லாத நேரம் முழுவதும் அங்கேதான் நிர்வாகக்குழு கூடி, மைனஸ் எழுபதின் பாதுகாப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. சீதாலெட்சுமி, கிரேட் நான்கு. அவள் மட்டுமில்லை. மையத்தில் பதிந்திருந்த இருநூற்றுப் பதின்மூன்று பிள்ளைகளில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் கிரேட் நான்கு. உலகத்தில் எங்கும் இப்படி ஒரு முடிவு கிடைத்ததில்லை என்று இயக்குநர் பத்திரிகைக்கு எழுதினார். பந்திங்கில் படுக்கை பன்னிரண்டுதான் என்பதால் முதல் தவணையாகப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களில் சீதாலெட்சுமியும். ஆயுத பூஜையன்று நன்கொடையாளர்கள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். மாற்றுடுப்பு மூன்று ஜோடி. பொம்மை கொண்டுவரக்கூடாது.

மாரியாயி மூன்று ஜோடியை மடித்துவைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்னங்க, நம்ம பிள்ளைக்கு என்னதாங்க வியாதி?" என்று கேட்டாள்.

பூஜையன்று மைனஸ் எழுபதுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழை கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய நன்கொடையாளர் ஒருவர் மாலை போட்டார். பன்னிரண்டு பிள்ளைகள் பையோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். படத்தில் இருந்ததைவிட வயதான டாக்டர் சீவரத்தினம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே, குழந்தைகள் பொய் சொல்லுவார்கள். தாய் தகப்பன் மறைப்பார்கள். டாக்டர்மார் இரக்கப்படுவார்கள். இரக்கம் விஞ்ஞானத்துக்கு இடைஞ்சல். மைனஸ் எழுபது பாகையில் இரக்கம் இல்லை. இந்த ஆறு வருஷத்தில் நான் ஒரு குழந்தையோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறேன்."

கைதட்டல் அடங்கியதும் தீபாராதனைக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளைப் புகை தரையில் இறங்கியது. குணபூசணி அம்மாள் கையுறை போட்டு மேல்தட்டை வெளியே இழுத்தார். பக்கிரிசாமி வேறெதையும் பார்க்கவில்லை. அவன் கண் பெட்டியின் அடிக்குப் போனது. அங்கே பழுப்புச் சிவப்பில் தகடாக ஐஸ் பிடித்திருந்தது. அதற்குள் பெயர் எழுதிய காகிதங்கள், இலைகளைப் போல, நூற்றுக்கணக்கில் உறைந்து கிடந்தன.

"டாக்டர்," என்றான். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "இது கரைஞ்சு திரும்பக் கட்டுன ஐஸ். மீன் பாசார்ல தெனம் பாக்கறதுதான். ஒரு தடவ கரைஞ்சா கசிஞ்ச ரத்தமெல்லாம் அடியில எறங்கி இப்படித்தான் தகடாப் பிடிக்கும். கரண்டு போனப்ப உள்ள இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு லா."

டாக்டர் கோபப்படவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குளிரைக் குறித்துவைத்த பதிவேடு அது. நாடே இருட்டிக் கிடந்த அந்த நாளிலும் எல்லாக் கட்டத்திலும் மைனஸ் எழுபது என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"வேறு இலக்கம் எழுத எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் குணபூசணி அம்மாள். "லேபிள் எல்லாம் கழன்றதை நான் மறைக்கவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்காமல் நானே திரும்ப ஒட்டினேன்."

"எந்தப் புட்டி யாருதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"பட்டியல் இருக்குதே. முதல் புட்டிக்கு முதல் பெயர்."

"முதல் புட்டி எது?"

"கையில் முதலாவதாய் வந்தது" என்றார் அவர். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவனைப் பார்த்தார்.

அப்போது சுவரோர வரிசையிலிருந்து சீதாலெட்சுமி பையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். தட்டில் மூன்றாவது வரிசையில் ஒரு புட்டியின் தலையில் சிவப்புப் பொட்டு இருந்தது. லேபிள்கள் எல்லாம் விழுந்தும் அது விழவில்லை. அந்தப் புட்டியில் வாசு என்று புது லேபிள் ஒட்டியிருந்தது. டீச்சர் சொன்னதை அவள் மறந்துவிடவில்லை. ஆனால் தன்னை வேறு யாரோ ஆக்கிவைத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்.

"அது வாசு இல்ல," என்றாள். "அதுதான் நான்."

ஒன்பது மாதத்தில் வீட்டுக்கு வெளியே அவள் பேசிய முதல் பேச்சு அது. மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கிரிசாமி எல்லாம் முடிந்தது, இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றே நினைத்தான். டாக்டர் சீவரத்தினம் ஒரு கணம் யோசித்தார். ஒலிபெருக்கியைத் திரும்ப எடுத்தார்.

"டத்தோ, நீங்களே கண்டீர்கள். ஒன்பது மாதம் ஊமையாய் இருந்த குழந்தை, மைனஸ் எழுபதின் சந்நிதியில் பேசுகிறது."

கூடம் அதிர்ந்தது. டத்தோ இன்னொரு மாலையைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குப் போட்டார். குணபூசணி அம்மாள் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அடியில் பிடித்திருந்த தகட்டைப் பற்றி அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் பேசவில்லை. மற்றப் பதினொரு பிள்ளைகளை அன்றைக்கே வேனில் ஏற்றினார்கள். அதில் வாசுவும் இருந்தான். அவன் யாருடைய ரத்தத்துக்காகப் போகிறான் என்று யாருக்கும் தெரியாது.

சீதாலெட்சுமியை ஏற்றவில்லை. டாக்டர் பக்கிரிசாமியைத் தன் அறைக்குள் அழைத்தார். பிள்ளைதான் பேசிவிட்டாளே, கடிதம் கொடுத்தால் போய்விடுகிறோம் என்று அவன் கும்பிட்டான்.

"உங்களுக்கு விளங்கவில்லை" என்றார் டாக்டர், பரிவாகவே. "பேசாத பிள்ளைகள் எங்களிடம் நாற்பது பேர் இருக்கினம். பேசாமல் இருந்து ஃப்ரீசரைக் கண்டு பேசின பிள்ளை உலகத்திலேயே ஒன்றுதான். அதை வீட்டில் வைத்து வீணாக்கலாமோ? பந்திங்கில் அவளுக்குத் தனி அறை கொடுப்போம். இரண்டு வருஷம் இல்லை, ஐந்து. ரத்தம் கிழமைக்கு ஒருமுறை. கண்ணீர் மட்டும் தினமும்."

பக்கிரிசாமிக்குச் சாத்திய கதவும் அந்த இருபது நிமிஷமும் கண்முன் வந்தன.

"டாக்டர், அவ மறுபடியும் பேசலேன்னா?"

"பேசாவிட்டால் அந்த நாற்பது பேரைப் போலச் சாதாரணம்தானே. சாதாரணத்துக்குப் பந்திங்கில் ஏது இடம்? கிரேட் இரண்டு என்று எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம். வியாழக்கிழமை குணபூசணி உங்கள் வீட்டுக்கு வந்து உறுதிப்படுத்துவார். அதன்பிறகு தீர்மானிப்போம்."

கிள்ளான் பஸ்ஸில் சீதாலெட்சுமி வழிநெடுகப் பேசினாள். ஒன்பது மாதமாகப் பார்த்துவைத்த பலகைகளையெல்லாம் உரக்கப் படித்தாள். சுங்கை வே வந்ததும் "அம்மா, உங்க பேக்டரி" என்று எழுந்து நின்று கத்தினாள். முன்சீட்டில் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தபோது பக்கிரிசாமிக்கு ஆனந்தமாகவும் இருந்தது, திகிலாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை வேன் சந்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. சீதாலெட்சுமி கற்பலகையில் கோடு போட்டுக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு தோளையும் பிடித்தான்.

"நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்றான்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு உறைத்தது. சீதாலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது.

குணபூசணி அம்மாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டார், பள்ளிக்கூடம் கேட்டார், மிட்டாய் நீட்டினார். பதில் இல்லை. கடைசியில் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, பொட்டு வைத்த புட்டியை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். வாசு என்ற லேபிளை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"இது யார், பிள்ளை?"

சீதாலெட்சுமியின் கண் புட்டியிலிருந்து அப்பாவுக்குப் போயிற்று, அங்கிருந்து புட்டிக்கு வந்தது. மாரியாயி அடுப்பங்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கிரிசாமி எதையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். புட்டியில் வியர்த்து மேசையில் தண்ணீர் வட்டமாகப் பிடிக்கும்வரை குணபூசணி அம்மாள் காத்திருந்தார். பிறகு படிவத்தில் 'பேசவில்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். ஒழுங்குக்காக, நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்துத் தேநீர்த் தட்டில் போட்டுவிட்டுப் புட்டியைத் திரும்ப வைத்தார்.

பள்ளிக்கூடக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கிரேட் இரண்டு. பக்கிரிசாமி இரண்டு கையாலும் வாங்கினான். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வழக்கமான ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இரண்டு வருஷத்துக்கு நாங்கள் வந்து பார்ப்போம். நாள் முன்கூட்டிச் சொல்லுறதில்லை. பள்ளிக்கூடத்திலேயும் கேட்போம், பக்கத்து வீட்டிலேயும் கேட்போம். பேசுகிறாள் என்று தெரிந்தால் வேன் வரும்."

வேன் சந்திலிருந்து வெளியே போயிற்று. மாரியாயி ஓடிவந்து கடிதத்தை வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். சீதாலெட்சுமி தட்டில் கிடந்த பொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். பாட்டின் மீதி அவளுக்கு நினைவிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவன் சொல்லட்டும் என்று நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள்.

பக்கிரிசாமி சந்துப் பக்கம் பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. சொல்ல வாய் எடுத்தான்.

"இன்னும் இல்லம்மா" என்றான்.

சீதாலெட்சுமி தலையாட்டினாள். அவள் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.